மனச்சோர்விலிருந்து மீள்வோரும் அவர்களைத் தொடரும் தனிமையும்

மனச்சோர்வு நோய் பற்றி எமது பத்திரிகைகளில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு விடயங்களோடு நின்றுவிடுகின்றன. நோயின் அறிகுறிகளை எவ்வாறு இனங்காண்பது என்பது ஒன்று. வைத்தியரை நாட வெட்கப்படலாகாது என்பது மற்றையது. இரண்டும் அவசியமானவையே. ஆயினும் வைத்தியரை நாடி, மருந்தை உட்கொண்டு, உறக்கமும் பசியும் ஓரளவு திரும்பிவிட்ட ஒருவருக்கு அதன் பின்னர் என்ன நிகழ்கின்றது என்பது பற்றி நாம் போதியளவு பேசுவதில்லை. பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலும் நகரங்களிலும் இத்தகையோர் எம்மிடையே வாழ்ந்து வருகின்றனர். வெளித்தோற்றத்தில் அவர்கள் தேறிவிட்டவர்கள். வேலைக்குச் செல்கின்றனர், சமைக்கின்றனர், கேட்டால் பதில் சொல்கின்றனர். உள்ளேயோ ஒரு வெறுமை. பின்னேரத்தில் மலைச்சரிவில் பனிமூட்டம் இறங்கும் வேளையில் அது மேலும் கனக்கின்றது. "மருந்துதான் எடுக்கிறேனே, பிறகும் ஏன் இப்படி?" என்ற கேள்வியை அவர்கள் எவரிடமும் கேட்பதில்லை. கேட்டால் மீண்டும் நோயாளி என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம்.

இக்கேள்விக்கு மருத்துவ ரீதியான விடை உண்டு. மனச்சோர்வு ஒரே நாளில் விலகும் காய்ச்சல் அன்று. சிகிச்சை தொடங்கியதும் பலருக்கு உறக்கம், பசி, உடலின் படபடப்பு ஆகியவை முதலில் சீராகத் தொடங்குகின்றன. எதிலும் மனம் ஈடுபடுதல், சிரிப்பில் மகிழ்ச்சியை உணர்தல், ஒரு வேலையில் கவனம் நிலைத்தல் என்பன அவற்றுக்குப் பிந்தியே வருகின்றன. ஆகவே வீட்டார் "ஆள் நல்லாகிவிட்டார்" என்று நிம்மதியடையும் காலமும், அவரே தன்னுள் நிம்மதியை உணரும் காலமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த இடைவெளி சில வாரங்களாகவும் இருக்கலாம், பல மாதங்களாகவும் இருக்கலாம். எஞ்சியிருக்கும் இந்தச் சோர்வை மருத்துவர்கள் நன்கு அறிவர். அது நோயாளியின் மனவுறுதிக் குறைவால் நேர்வதன்று.

இக்காலத்தில் மனநிலை ஏறியிறங்குவதும் இயல்பே. நேற்று நன்றாக இருந்தவர் இன்று காலை எழவே விரும்பாமற் கிடக்கலாம். அது நோய் மீண்டும் வந்துவிட்டதன் அடையாளமா, அல்லது கடந்துபோகும் ஒரு நாளா என்று பிரித்தறிவது எவ்வாறு? பொதுவாகக் கூறுவதாயின், ஓரிரு நாட்களில் தணிந்துவிடும் சோர்வையும், ஒரு நல்ல செய்தி கேட்டதும் சற்றேனும் விலகும் சோர்வையும் கண்டு அஞ்சவேண்டியதில்லை. இரண்டு வாரங்களுக்குத் தொடர்ச்சியாக, நாளின் பெரும்பகுதியும் சோர்வு நீடித்து, அதனுடன் உறக்கமும் பசியும் மீண்டும் கெடுமாயின், அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திராது முன்கூட்டியே சென்று வைத்தியரைக் காண வேண்டும். உயிரோடிருந்து பயனில்லை என்ற எண்ணம் தலைதூக்குமாயின் இரண்டு வாரங்கள் என்ன, இரண்டு மணித்தியாலமும் தாமதிக்கலாகாது. அருகிலுள்ள எந்த அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் செல்லலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தொலைபேசியில் அழைக்கலாம். தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் 1998ஆம் ஆண்டிலிருந்து குற்றமன்று. பொலிஸுக்குப் போகவேண்டிவரும் என்று அஞ்சி வீட்டுக்குள் மறைத்து வைப்போர் இன்றும் இருப்பதால் இதனை இங்கு குறிப்பிடுகின்றோம்.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். நன்றாகத் தேறிய பின்னரும் குறைந்தது ஆறு மாதங்களுக்கேனும், பலருக்கு அதற்கும் கூடுதலான காலத்துக்கும், அவற்றைத் தொடருமாறு வைத்தியர்கள் பணிக்கின்றனர். எம்மவரோ உறக்கம் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். "தூக்க மாத்திரைதானே, பழகிவிடும்" என்ற அயலவரின் அறிவுரையும் இதற்குத் துணைபோகின்றது. இவை தூக்க மாத்திரைகளைப் போன்று ஏக்கத்தை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தவையல்ல. எனினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், உறக்கமின்மை என்பன தோன்றும். அதைக் கண்டு, "பார், மாத்திரை இல்லாமல் இருக்க முடியவில்லை" என்று முடிவுகட்டுவது தவறு. குறைப்பதாயின் வைத்தியரின் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

சரி, மருந்தைத் தவறாது உட்கொள்ளும் ஒருவரையும் தனிமை ஏன் விடாது தொடர்கின்றது? இங்குதான் எமது சமூகச் சூழலை நோக்கவேண்டியுள்ளது.

லயன் காம்பராவில் தனிமையா என்று சிலர் வியக்கக்கூடும். ஒரு கூரையின் கீழ் பல குடும்பங்கள், ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டின் அடுப்புச் சத்தம், இஸ்தோப்பில் எந்நேரமும் யாராவது இருப்பர். ஆனால் மனிதர்களின் எண்ணிக்கைக்கும் தனிமைக்கும் நாம் எண்ணுவது போன்ற தொடர்பு கிடையாது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியராகவிருந்து 2018இல் மறைந்த ஜோன் காசியோப்போ தமது ஆய்வுகளின் பெரும்பகுதியைத் தனிமையுணர்வுக்கே செலவிட்டவர். ஒருவரைச் சுற்றி எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதைவிட, தாம் விரும்பும் உறவுக்கும் தமக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையிலுள்ள தூரமே தனிமையாக உணரப்படுகின்றது என்பது அவ்வாய்வுத் துறையின் அடிப்படை. தனித்துப்போன மனம் பிறரின் முகத்தில் நிராகரிப்பையே முதலில் தேடுகின்றது என்பதும் அவர் வலியுறுத்திய விடயம். எதிரே வந்தவர் அவசரத்தில் சிரிக்காமற் போயிருப்பார். தேறிவரும் மனதுக்கு அது விலக்கி வைத்ததாகப் படும். அன்று மாலை அவர் வெளியே வரமாட்டார். மறுநாள் அயலவர், "தனியே இருக்க விரும்புகிறார் போலும், தொந்தரவு செய்யக்கூடாது" என்று விலகுவார். இரு தரப்பிலும் தீய எண்ணம் எதுவுமின்றியே இடைவெளி அகன்றுவிடுகின்றது.

லயன் வாழ்க்கையில் இதற்கு இன்னுமொரு முகமும் உண்டு. அங்கு எதையும் இரகசியமாக வைத்திருக்க முடியாது. இன்னார் கிளினிக்குக்குப் போனார் என்பது மாலைக்குள் அடுத்த டிவிஷனுக்கும் எட்டிவிடும். "அங்கொடைக் கேஸ்" என்ற ஒரு சொல் போதும். பல தலைமுறைகளாக அங்கொடை என்ற ஊரின் பெயரையே ஒரு வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகம் நாம். நோயுற்றிருந்த மாதங்களில் அவர் பெயர் கலியாண அழைப்பிலிருந்தும், கோயில் கமிட்டியிலிருந்தும், மரணாதார சங்கத்தின் வேலைப் பங்கீட்டிலிருந்தும் மெல்ல விடுபட்டிருக்கும். தேறியபின் எவரும் அதனைத் திரும்பச் சேர்ப்பதில்லை. அவராகவே வந்து கேட்கவும் மாட்டார். தேறியவருக்குத் தனது பழைய இடம் இல்லாமற் போய்விடுகின்றது. மாத்திரையால் தர இயலாதது இந்த இடத்தையே.

பெருந்தோட்டங்களின் குடும்ப அமைப்பு மாறிவருவதும் இதனைக் கூர்மையாக்கியுள்ளது. பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கின்றனர். தாய் மத்திய கிழக்கில். கொழுந்து மலையில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கூட்டமாக வேலை செய்து ஓய்வுபெற்ற மூதாட்டிக்கு, வேலை நின்றதோடு அந்தப் பேச்சும் நின்றுவிடுகின்றது. நகரத்து முஸ்லிம் குடும்பங்களில் கணவனை இழந்து இத்தா இருக்கும் பெண்ணின் நிலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நான்கு மாதமும் பத்து நாட்களும் நீளும் அக்காலத்தில், ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருத்தி கிளினிக்கையும் தவறவிட்டு, பேசுவதற்கும் ஆளின்றித் தவிக்கக்கூடும். சிகிச்சைக்காக அவள் வெளியே செல்வதையோ, பெண்கள் சென்று அவளைக் கண்டு வருவதையோ மார்க்கம் தடுக்கவில்லை. தடுப்பது பெரும்பாலும் எமது வழக்கமும் தயக்கமுமே.

இழப்பினால் வந்த சோர்வு என்று பேசும்போது மீரியபெத்தையை நினையாதிருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தின் லயன்கள் மண்சரிவில் புதையுண்டன. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. உடலைக் கண்டு அழுது, கருமாதி செய்து முடித்த துக்கம் ஒருவிதம். மண்ணுக்குள்ளேயே இருக்கின்றார் என்று தெரிந்தும் முடிக்கமுடியாத துக்கம் வேறுவிதம். தப்பியவர்கள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் தற்காலிக இருப்பிடங்களில் தங்கியிருந்த பின்னரே, 2016இல் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. தனிவீடு மலையக மக்களின் நெடுநாள் உரிமைக்குரல். அதில் எமக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆயினும் வீட்டைக் கையளித்ததோடு மீட்சி முடிந்துவிட்டதாக அரசும் தொண்டர்களும் கோப்பை மூடிவிடுகின்றனர். வருபவர்கள் வந்து போய்விட்டபின், நிவாரண லொறிகளின் சத்தம் ஓய்ந்தபின் வரும் மாதங்களே தனிமை மிகுந்தவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளுக்குப் பின்னரும் இதை நாம் மனதிற்கொள்ள வேண்டியுள்ளது.

நோயுற்றவரை மேலும் தனிமைப்படுத்தும் இன்னொன்று, சமயத்தின் பெயரால் சொல்லப்படும் பழி. ஒரு பக்கம் "குலதெய்வக் குற்றம்" என்பர். மறுபக்கம் "ஈமான் பலவீனம்" என்பர். மகன் யூஸுபைப் பிரிந்த துயரத்தால் அழுதழுது நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்பார்வையே மங்கியதை அல்குர்ஆன் கூறுகின்றது. மனைவி கதீஜா நாயகியும் தந்தையின் சகோதரர் அபூதாலிபும் மறைந்த ஆண்டை இஸ்லாமிய வரலாறு துயர ஆண்டு என்றே பெயரிட்டு வைத்துள்ளது. நபிமார்களின் துயரத்தை நம்பிக்கைக் குறைவு என்று எவரும் கூறத் துணியாதபோது, சாதாரண மனிதர் ஒருவரின் நோயை அவ்வாறு கூறுவது எவ்வாறு பொருந்தும்?

இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் 9ஆம் நூற்றாண்டில் பிறந்து 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர். காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம் என இரண்டாகப் பிரித்து, பின்னையது உடலிலிருந்தும் எழக்கூடியதாகையால் அதற்கு மருந்தும் வேண்டும் என்று அவர் கருதினார். அவரது மற்றுமோர் ஆலோசனை இன்றும் கைக்கொள்ளத்தக்கது. அவசரத்துக்கு உதவுமென வீட்டில் மருந்துகளைச் சேமித்து வைப்பதுபோல, மனம் தெளிவாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, சோர்வு வரும்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அது. தேறிவருபவர் ஒருவர் நல்ல நாளொன்றில் ஒரு கொப்பியில், "போன மாதமும் இப்படித்தான் இருந்தது, மூன்றாம் நாள் விலகியது" என்று எழுதிவைத்தால், கெட்ட நாளில் அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. ரமழான் நோன்பைப் பொறுத்தவரை, நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரைகளின் நேரத்தை இப்தாருக்குப் பின்னரோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ள வைத்தியர் வழிசொல்வார். லித்தியம் போன்ற சில மருந்துகளுக்கு நீரின்றி இருப்பது ஆபத்து. அத்தகையோர் நோன்பு தொடங்குமுன் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

இனிச் செய்யக்கூடியவற்றுக்கு வருவோம். மனம் சரியானதும் வேலை செய்யலாம், மனிதரைப் பார்க்கலாம் என்று காத்திருப்பதே நாம் எல்லோரும் இயல்பாகச் செய்வது. உளவியலாளர்கள் கண்டறிந்த வழி இதற்கு நேர்மாறானது. முதலில் செயல், பின்னரே உணர்வு. மனம் வராவிட்டாலும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு சிறு காரியம் ஒன்றைச் செய்தால், மனநிலை அதன் பின்னால் மெல்ல வருகின்றது. இந்தியாவின் கோவா மாநிலத்தில், மருத்துவப் பின்னணி இல்லாத சாதாரண ஆலோசகர்களைப் பயிற்றுவித்து இம்முறையில் சிகிச்சையளித்த ஆய்வொன்று 2017இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. கடும் மனச்சோர்வுற்றிருந்த 495 பேர் அதில் பங்குகொண்டனர். சில அமர்வுகளிலேயே குறிப்பிடத்தக்க பலன் காணப்பட்டது.

காரியம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள நுட்பம். "இனி தினமும் கோயிலுக்குப் போவேன்" என்று தொடங்கினால் நான்காம் நாள் தவறும், குற்றவுணர்வு மிஞ்சும். வீட்டுக்கு முன்னாலுள்ள மரக்கறிப் பாத்திக்கு நீர் ஊற்றுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து அழைத்து வருவது, ஜும்ஆவுக்குப் பின் ஒரே ஒருவரிடம் நலம் விசாரிப்பது, ஒவ்வொரு வெள்ளியும் ஒரே நேரத்தில் தங்கைக்குத் தொலைபேசி எடுப்பது போன்றவை போதும். நடையும் காலை வெயிலும் உதவும். மதுவோ முற்றிலும் எதிரி. மாலைத் தனிமையை மறக்க ஆண்கள் நாடும் கசிப்பு மறுநாட் சோர்வை இரட்டிப்பாக்குவதோடு மருந்தின் பயனையும் கெடுத்துவிடுகின்றது. காமன் கூத்துக்கு ஆள் சேர்க்கும் மாசி மாதத்திலும் மார்கழிப் பஜனையிலும் எமது தோட்டங்கள் அறியாமலேயே இவ்வைத்தியத்தைச் செய்து வந்துள்ளன என்றே எமக்குத் தோன்றுகின்றது. அங்கு தாளம் பிடிப்பவரிடம் எவரும் சுகம் விசாரிப்பதில்லை. தாளம் தப்பாமல் இருந்தாற் போதும்.

சிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயில் நடப்பது இன்னும் தெளிவான முன்மாதிரி. அந்நாட்டில் உளநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அங்குள்ள மக்கள் தமது நோயை "அதிகமாக யோசித்தல்" என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகின்றனர். எமது தோட்டங்களில் "யோசனை கூடிப்போச்சு" என்று சொல்வதும் அதுவே. டிக்சன் சிபாண்டா என்ற உளநல மருத்துவர் 2006இல் 14 பாட்டிமாரைப் பயிற்றுவித்தார். கிளினிக் வளவில் போடப்பட்ட மரவாங்கில் பாட்டி அமர்ந்திருப்பார். வருபவர் அருகில் அமர்ந்து தமது பிரச்சினையைச் சொல்வார். அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கு அவரே ஒரு வழி காணப் பாட்டி துணை நிற்பார். 2016இல் வெளியான ஆய்வின்படி, ஆறு மாதங்களின் பின் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனச்சோர்வு நீடித்திருக்க, வாங்கில் அமர்ந்தவர்களில் அது 14 வீதமாகவே இருந்தது. நாம் இங்கு கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தையே. வாங்கிலிருந்து எழுந்து செல்பவர், ஏற்கெனவே தேறியவர்களின் குழுவொன்றுக்கு அழைக்கப்படுகின்றார். அங்கு பெண்கள் வட்டமாக அமர்ந்து பழைய பிளாஸ்ரிக்கிலிருந்து பைகள் பின்னுகின்றனர். கை வேலை செய்ய, வாய் தானாகப் பேசுகின்றது. தேறியபின் வரும் தனிமைக்கென்றே அமைந்த ஏற்பாடு இது.

எமது தோட்டங்களில் மாதர் சங்கங்கள் உள்ளன. நகர்ப் பள்ளிவாசல்களைச் சூழ பெண்கள் கூடும் வீடுகள் உள்ளன. மரவாங்குக்கும் அதிக செலவில்லை. தேறிவருபவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்பதைவிட, "நாளைக்குக் கோயிலில் மரக்கறி வெட்ட ஆள் காணாது, ஆறு மணிக்கு வாருங்கள் அக்கா" என்று சொல்வது நூறு மடங்கு மேலானது. அவர் வராவிட்டால் கோபிக்காமல் அடுத்த வாரமும் கேட்க வேண்டும். "உனக்கென்ன குறை, எல்லாம் இருக்கிறதே" என்ற வசனத்தை மட்டும் வீட்டார் அடியோடு விட்டுவிடுவது நல்லது. அவ்வசனம் கேட்ட எவருக்கும் துயரம் குறைந்ததில்லை. இனி இவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்ற முடிவுக்கே அவர் வருவார்.

இறுதியாக அதிகாரிகளின் கவனத்துக்கு. 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, உளநல சேவையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுசெல்வதை இலக்காக வைத்தது. மடுல்சீமையிலோ லுணுகலையிலோ வாழும் ஒரு தொழிலாளிக்கு அதன் பயன் இரண்டு இடங்களில் தடைப்படுகின்றது. ஒன்று மொழி. உள்ளத்து நோயை மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொல்ல முடியாது. அதிலும் தாயின் துயரத்தைப் பத்து வயது மகள் சிங்களத்தில் வைத்தியருக்கு எடுத்துச்சொல்லும் நிலை எவருக்கும் நேரக்கூடாது. ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களம் உளநலக் கிளினிக்குகளுக்கேனும் தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவரை உறுதிப்படுத்த வேண்டும். மற்றையது நாட்கூலி. கிளினிக்குக்குப் போகும் நாள் முழுவதும் பெயர் இல்லை, சம்பளம் இல்லை. மாத்திரை இலவசம், பஸ்ஸுக்கும் பட்டினிக்கும் தொழிலாளியே செலவிடுகின்றார். தேறிவிட்டதாக உணர்ந்தவுடன் அவர் கிளினிக்கை நிறுத்திவிடுவதற்கு அறியாமையைவிட இதுவே பெரிய காரணம் என்று நாம் கருதுகின்றோம். மாதத்தில் ஒரு நாள், கிளினிக் கொப்பியைக் காட்டி வருபவருக்கு அரைப்பேராவது போடுவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் இணங்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையின்போது இதனையும் மேசையில் வைக்கட்டும்.